டிகிரி காபியும் 36 தவணையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. மாடு வளர்த்த கதை. சிரிக்காதீர்கள். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பி.காம். முடித்து, வங்கிப் பரீட்சை எழுதி, இருபது வருடமாக ஊர் ஊராகப் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கும் நான் மாடு வாங்கியது குஜராத்தில். அதுவும் ஒரு டம்ளர் காபிக்காக :)

2021 ஜூனில் ஆனந்த் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளைக்கு மாற்றல். ஆனந்த் என்றால் பால். காலையும் மாலையும் ஊரே தூக்கும் கேனுமாக நடக்கிறது. "இனிமே காபிக்குக் குறைச்சலே இல்ல" என்று தங்கமணி சந்தோஷப்பட்டார். வந்து பார்த்தால் ஊரில் பாதி எருமை. எருமைப்பாலில் கொழுப்பு ஆறு, ஏழு சதவீதம் இருக்கும். தயிர் கத்தியால் வெட்டலாம் போல உறையும், நெய் பிரமாதமாக வரும். காபி மட்டும் வராது. டிகாஷனை அமுக்கிவிடும். பாக்கெட் பால் இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. ஆனால் "ஊரெல்லாம் கறக்குறான், நாம மட்டும் பாக்கெட்டைக் கத்திரிக்கணுமா?" என்று வீட்டில் கேள்வி வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு இருபது வருட சர்வீசில் பதில் கிடையாது.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு எழுபது வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஊரே அவரை 'பா' என்றுதான் கூப்பிடும். குஜராத்தியில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதுதான் பெயர். கொல்லையில் நாலு மாடு கட்டும் தொழுவம் காலியாகக் கிடந்தது. முட்டிவலி வந்து கடைசி எருமையையும் விற்றுவிட்டார். ஒருநாள் மகள் போய் "பா, பசுமாட்டுப் பால் எங்கே கிடைக்கும்?" என்று கேட்க, பா என்னைக் கூப்பிட்டார். "தீக்ரா (மகனே), தொழுவம் என்னுது. மாடு நீ வாங்கு. கறக்கச் சொல்லித் தரேன். உங்க வீட்டுக்கு ரெண்டு லிட்டர். மீதியை என் பேர்ல மண்டலியில் ஊத்தி, தீவனத்துக்கு எடுத்துக்கலாம்."

மண்டலி என்றால் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கம். வங்கி அதிகாரி வியாபாரம் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறதே என்று எனக்குள் இருக்கும் ஆடிட்டர் விழித்துக்கொண்டார். வீட்டு உபயோகத்துக்கு ஒரு மாடு, உபரிப் பால் வீட்டுக்காரருக்கு என்று வட்டார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். அங்கே அதைப் படித்து எத்தனை பேர் சிரித்தார்களோ!

மாடு வாங்கின லட்சணம்

பால்மாட்டுக் கடனுக்கு எத்தனையோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். மாட்டின் வயது, ஈத்து, பால் அளவு எல்லாம் படிவத்தில் கட்டம் போட்டு இருக்கும். அதனால் எனக்கு மாடு தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பா முட்டிவலியால் வரவில்லை. ஆனால் கிளம்பும்போது தெளிவாகச் சொன்னார்: "மூணு வேளை கறந்து பாரு. சாயங்காலம், காலை, மறுபடி சாயங்காலம். முதல் வேளையை நம்பாதே."

நான் ஒரு வேளைதான் பார்த்தேன். கலப்பினப் பசு, கருப்பு வெள்ளை, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு மூன்று வாரம். நாளைக்கு 14 லிட்டர் என்றார் விற்றவர். அன்று மாலை மடி பானை மாதிரி இருந்தது, ஒரே வேளையில் எட்டு லிட்டர் கறந்தது. 58,000 ரூபாய், கிடாரிக் கன்றோடு. 2021 நவம்பர் நடுவில் வீட்டுக்கு வந்தாள். மகள் கங்கா என்று பேர் வைத்தாள். மறுநாள் இரண்டு வேளையும் சேர்த்து ஒன்பதரை லிட்டர். காலையில் கறக்காமல் மடியில் விட்டுவைத்துத்தான் மாலையில் எட்டு லிட்டர் காட்டியிருக்கிறார். நன்றாகத் தீனி போட்ட பிறகும் 11 லிட்டருக்கு மேல் அவள் போகவில்லை.

பா ஒன்றும் சொல்லவில்லை. நாலு காம்பையும் தடவிப் பார்த்து, "காம்பு நல்லா இருக்கு, கட்டி இல்லே. பரவாயில்லை" என்றார். அதுகூட நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கறக்கக் கற்றது தனிக் கதை. முதல் வாரம் மணிக்கட்டு வீங்கி, செக்கில் கையெழுத்துப் போட முடியவில்லை. நம் ஊரில் பலர் செய்வதுபோல் கட்டைவிரலை மடக்கி வைத்து இழுத்தேன். பா என் கையைத் தட்டிவிட்டார். விரல் முட்டி அழுத்தி அழுத்திக் காம்பின் உள்ளே புண்ணாகும். முழு உள்ளங்கையால் பிடித்து மேலிருந்து கீழாக அமுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவித் துடைத்தால் ஒரு நிமிஷத்தில் சுரப்பு விடும். அதிலிருந்து ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். அதற்கு மேல் அவள் விடமாட்டாள். மாடு பயந்தால் அந்தச் சுரப்பும் நின்றுவிடும். ஒருநாள் ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரியை வழியனுப்பிவிட்டு சூட்டும் ஷூவுமாகப் போய் உட்கார்ந்தேன். கங்கா ஒரு சொட்டு விடவில்லை. பழைய கைலியோடு திரும்பி வந்தபிறகுதான் விட்டாள்.

தீனிக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. உடம்பைத் தாங்க இரண்டு கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பசுந்தீவனம் 25 கிலோ, வைக்கோல் ஐந்தாறு கிலோ, தாது உப்பு ஒரு கைப்பிடி, தண்ணீர் எப்போதும் தொட்டியில். இங்கே 'ரஜ்கோ' என்று ஒரு பசுந்தீவனம் கட்டுக்கட்டாக வருகிறது. என்னவென்று பார்த்தால் நம் ஊர்க் குதிரைமசால்! ஈரத்தோடு அதை மட்டும் வயிறு முட்டப் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொள்ளும், வைக்கோலோடு கலந்துதான் போட வேண்டும்.

காபி? அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. முதல் நாள் தங்கமணி டபராவில் ஆற்றிக் கொடுத்ததை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

ஒரு லிட்டருக்கும் ஆள் உண்டு

தினம் காலை ஆறரை மணிக்கு மகள் கேனோடு மண்டலிக்குப் போவாள். நான் பல ஊரில் வேலை பார்த்துவிட்டேன், இந்த ஏற்பாட்டை இவ்வளவு நெருங்கிப் பார்த்தது இங்கேதான். வரிசையில் முன்னால் நிற்பவர் 20 லிட்டர் ஊற்றுவார், பின்னால் ஒரு பாட்டி முக்கால் லிட்டர் ஊற்றுவார். இரண்டுக்கும் ஒரே இயந்திரம், ஒரே கொழுப்பு அளவு, ஒரே விலைப் பட்டியல், ஒரே மாதிரி சீட்டு. வருஷக் கடைசியில் சங்கத்துக்கு மிஞ்சியதில் ஊற்றிய பாலுக்குத் தக்கபடி போனஸ் வேறு.

கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் 1946-இல் பதிவானது. விவசாயிகளைச் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். 1949-இல் அரசாங்க வேலையாக ஆனந்துக்கு வந்து மாட்டிக்கொண்டு, கடைசிவரை அங்கேயே தங்கிவிட்ட வர்கீஸ் குரியன் நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இதை மண்டலிச் செயலாளரிடம் சொன்ன நாளிலிருந்து எனக்கு அங்கே தனி மரியாதை. என்னவோ நானே குரியனை அனுப்பிவைத்த மாதிரி :)

இந்த ஏற்பாடு இருப்பதால்தான் ஒற்றை மாட்டுக் குடும்பம் என்று ஒன்று இங்கே பிழைக்க முடிகிறது. கறந்தால் இரண்டு வேளையும் வாங்க ஆள் உண்டு. ஆனால், கறந்தால்!

மாட்டுப் பொங்கல் அன்று போனது

2022 ஜனவரி 15 எங்களுக்கு மாட்டுப் பொங்கல். இங்கே அதுதான் 'வாசி உத்தராயண்', பட்டம் விடும் இரண்டாம் நாள். விடுப்புப் போட்டுவிட்டு கங்காவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தொழுவத்தில் கோலம் போட்டு, பொங்கல் ஊட்டினோம். உத்தராயணுக்குப் பசுக்களுக்குத் தானியம் வேகவைத்துக் கொடுப்பது இங்கேயும் வழக்கம். பா கோலத்தை ரசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று காலையிலிருந்து கங்கா கத்திக்கொண்டே இருந்தாள். தீனி எடுக்கவில்லை. பாலும் குறைந்தது. மாடிக்கு மாடி ஒலிபெருக்கி, பட்டம் அறுந்தால் கூச்சல். சத்தத்துக்கு மிரள்கிறாள் என்று நினைத்து நான் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பா மதியம் அக்காள் வீட்டுக்குப் போய் மறுநாள்தான் வந்தார். வந்ததும் வாலடியில் கண்ணாடி மாதிரி காய்ந்திருந்த கோழையைக் காட்டிக் கேட்டார்: "நேத்து கத்தினாளா?"

சினைப்பருவம். 21 நாளைக்கு ஒருமுறை வரும், பன்னிரண்டு பதினெட்டு மணி நேரம் இருக்கும், போய்விடும். காலையில் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. கன்று போட்டு 82 நாள் ஆன மாடு. ஊசி போட அதைவிட நல்ல சமயம் கிடையாது. நான் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்ல பா, 21 நாள்தானே" என்றேன். அந்த 21 நாள் எப்படிப் பெருகியது என்று நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு தடவை தெரியவே இல்லை. அடுத்த தடவை தெரிந்தது, ஊசி போடுபவரைக் கூப்பிடுவதற்குள் பொழுது தாண்டிவிட்டது. மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்தால் மாட்டை யார் பார்ப்பது? ஏப்ரலில் இரண்டு ஊசி, இரண்டும் நிற்கவில்லை. கருப்பையில் கொஞ்சம் சீழ் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். மே, ஜூன் வெயிலில் பருவம் வந்த அடையாளமே தெரியவில்லை. ஜூலையில் போட்டது தங்கவில்லை. அடுத்த சுற்றுக்குள் கட்ச்சிலும் சௌராஷ்டிரத்திலும் தோல் கழலை நோய் பரவி, மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊருக்கு வரவில்லை, ஆனால் மருத்துவர்கள் எல்லோரும் ஊர் ஊராக ஆட்டம்மைத் தடுப்பூசி போட ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் தினமும் கங்காவின் தோலைத் தடவித் தடவி ஏதாவது முடிச்சு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். சினை பற்றி நினைக்கவே இல்லை.

கடைசியில் 2022 ஆகஸ்ட் 13. இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. விடியற்காலை நானே பார்த்தேன், மாலையில் ஊசி. அது நின்றது. மாட்டுப் பொங்கலிலிருந்து 210 நாள்.

வஸூகி கயீ

கன்று போட்டு வருஷம் தாண்டிய மாடு எவ்வளவு நாள் கறக்கும்? அக்டோபரில் நாலு லிட்டர். நவம்பரில் இரண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை மகள் வெறும் கேனோடு நின்றாள். பா மடியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "வஸூகி கயீ."

எனக்குக் குஜராத்தி அரைகுறை. என்ன பா என்றேன். பால் நின்றுவிட்டது, இனி கன்று போட்டபிறகுதான் என்று கையால் காட்டினார். எங்கள் பாட்டி "வத்திப் போச்சு" என்பாளே, அதுதான். புரிந்த அடுத்த நிமிஷம் இன்னொரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்து வயிற்றில் என்னவோ செய்தது. 'பாகட்.' மராத்தி வார்த்தை. அர்த்தம் அதேதான்.

2014-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சிறு ஊர்க் கிளையில் இருந்தேன். கடன் பிரிவு என் பொறுப்பு. இரண்டு கறவை மாட்டுக்கு ஒரு பெண்மணிக்குக் கடன் கொடுத்திருந்தோம். பால்மாட்டுக் கடன்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு மாட்டையும் ஒரே நேரத்தில் வாங்கக் கூடாது, முதல் மாடு வாங்கி ஐந்தாறு மாதம் கழித்து இரண்டாவது. முதல் மாட்டுக்கு 50,000 கொடுத்தாயிற்று. 36 சமமான மாதத் தவணை, மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஏழெட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு இரண்டு தவணை நின்றது. இரண்டாவது மாட்டுக்குப் பணம் கேட்டு விண்ணப்பமும் வந்தது. பழைய தவணையே வரவில்லை, புதுசா என்று நான் மறுத்து எழுதினேன்.

வசூலுக்கு நேரில் போனோம். வாசலிலேயே மாடு கட்டியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. "மாடு இருக்கே, பால் எங்கே?" என்று கேட்டேன். அந்தம்மா "பாகட் ஆஹே, சாஹேப்" என்றார். கூட வந்த கிளை ஊழியர் "வத்திப் போச்சாம் சார், சினையாம்" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. மாடு என்றால் பால். பால் என்றால் வருமானம். வருமானம் என்றால் தவணை. அறிக்கையில் என்ன எழுதினேன் என்பது இன்றும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: 'சொத்து நல்ல நிலையில் உள்ளது. கடனாளிக்குத் திருப்பிச் செலுத்தும் மனமில்லை.'

மூன்று மாதம் நோட்டீஸ், ஃபோன், ஜாமீன்தாரரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று போனது. அந்தம்மா மாட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார். மீதிக்கு ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்ததாகக் கேள்வி. கணக்கு முடிந்தது. அந்தக் காலாண்டு வசூலுக்கு எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. கோப்பில் மருத்துவரின் சினைச் சான்றிதழ் இருந்தது. விற்றபோது அந்த மாடு ஏழு மாதச் சினை. இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கன்று போட்டுப் பால் வந்திருக்கும். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பி.காம்.மில் செலவுக் கணக்கியலில் நல்ல மார்க் வாங்கினவன்தான் நான்.

நோட்டுப் புத்தகம்

அன்று ராத்திரி கங்காவின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து லிட்டர் கறந்த நாளில் அடர்தீவனம் ஆறு கிலோ 150 ரூபாய், பசுந்தீவனம் 75, வைக்கோல் 36, தாது உப்பும் சில்லறையும் 9. ஆக 270. எங்கள் ஊரில் அந்த வருஷம் கிடைத்தபடி லிட்டர் 32 ரூபாய் என்றால் வரவு 320. மிச்சம் 50 ரூபாய். பா கூலி கேட்கவில்லை, நானும் எனக்குக் கூலி போட்டுக்கொள்ளவில்லை, டாக்டர் செலவையும் சேர்க்கவில்லை.

பால் நின்ற நாளில்? தீனியைக் குறைத்தும் நாளைக்கு 130 ரூபாய். வரவு பூஜ்யம். கன்று போடும்வரை 165 நாள் இருந்தது. 21,450 ரூபாய். நாளைக்கு 50 ரூபாய் மிச்சம் என்றால் இதை ஈடுகட்ட 429 நாள் வேண்டும், அத்தனை நாளும் பத்து லிட்டர் கறக்க வேண்டும். எந்த மாடும் அப்படிக் கறக்காது.

பொங்கலன்றே ஊசி போட்டிருந்தால் அக்டோபரில் கன்று போட்டிருப்பாள். அதற்கு முன் 60 நாள்தான் நாமே பாலை நிறுத்தி ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அந்த ஓய்வு எப்படியும் வேண்டும். வயிற்றுக் கன்று அதிகமாக வளர்வதும், மடி அடுத்த ஈத்துக்குத் தயாராவதும் அப்போதுதான். மீதி 105 நாள் என் கவனக்குறைவு. மாதச் சம்பளக்காரன், தாங்கிக்கொண்டேன். கட்டுத்தறியில் ஒரே மாடு, அதன் பாலை நம்பி அடுப்பு என்றால்?

இரண்டாவது மாட்டை ஐந்தாறு மாதம் கழித்து வாங்கச் சொன்ன நிபந்தனை எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும், தவணை நிற்காது. எத்தனையோ கோப்பில் அந்த வரியை டைப் அடித்திருக்கிறேன். அந்தம்மா இரண்டாவது மாடு கேட்டது கடனை ஏமாற்ற இல்லை, கடனைக் கட்ட. பாலை நிறுத்தியது மாடு. வழியை அடைத்தது நான்.

அதைத் தங்கமணியிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "அந்த அம்மா பேர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கணக்கு எண்கூட இருந்தது.

மே 20

2023 மே 20 விடியற்காலை கங்கா கன்று போட்டாள். காளைக்கன்று. அரைமணியில் எழுந்து நின்றது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்தோம். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும், எங்கள் கன்றுக்கு மூன்று லிட்டர். நஞ்சுக்கொடி ஏழு மணி நேரத்தில் விழுந்தது. மிஞ்சிய சீம்பாலில் பா 'பளி' செய்தார். ஏலக்காய் போட்டு வேகவைத்தது, நம் வீட்டுச் சீம்பால் கட்டியேதான்.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் கங்கா படுத்துவிட்டாள். எழுப்பினால் எழவில்லை. கழுத்தை மடக்கித் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். பா வந்து காதைப் பிடித்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அந்த முட்டியோடு அவர் அவ்வளவு வேகமாக நடந்து அதுவரை நான் பார்த்ததில்லை. மண்டலிச் செயலாளர் மூலம் ஒன்றியத்து டாக்டருக்குச் சொல்லி, அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம்.

பால்காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துவிடும். கன்று போட்டதும் பாலுக்காக ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு இறங்கிவிடுவதால் வருவது. மூன்றாம் ஈத்திலிருந்து அதிகம் கறக்கும் மாடுகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். கவனிக்காமல் விட்டால் ஒரு ராத்திரி தாண்டாது. டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடுமாம். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி பாட்டிலில் ஒரு ஏப்பம் விட்டாள். பிறகு சாணம் போட்டாள். முக்கால் மணியில் முன்னங்காலை ஊன்றித் தடுமாறி எழுந்து நின்றாள். மகள் அழுதுவிட்டாள். நான் மாட்டுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டேன் :)

"ரெண்டு நாளைக்கு மடியை முழுசாக் காலி பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். மூன்றாம் வாரத்தில் கங்கா 13 லிட்டர் தொட்டாள்.

காளைக்கன்று பற்றிக் கேட்பீர்கள். உழவுக்கு இங்கே டிராக்டர், ஊசிக்கு வேறு காளை. சொத்தா பொறுப்பா என்று எந்தப் பக்கம் எழுதுவது? ஒரு வருஷம் வளர்த்து, பக்கத்து ஊர் பாஞ்ஜ்ராபோளில் (வயதான, கேட்பாரற்ற கால்நடைகளை வைத்துக் காக்கும் இடம்) தீனிக்குப் பணம் கட்டிச் சேர்த்தோம். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2024-இல் எனக்கு வடோதராவுக்கு மாற்றல் வந்தது. கங்காவும், இங்கே வந்தபோது கைக்குழந்தையாக இருந்த அவள் கிடாரியும் பாவிடம்தான் இருக்கிறார்கள். இப்போது உதவிக்கு ஒரு பையன் வருகிறான். கங்கா வற்றும்போது கிடாரி கறக்கிற மாதிரி இருவருக்கும் ஆறு மாத இடைவெளி வைத்து ஊசி போட்டோம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய் வருகிறோம். தங்கமணி பிளாஸ்கில் டிகாஷன் எடுத்துக்கொண்டு வருவார்.

அலுவலகத்தில் பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. மாற்றும் பதவியில் நான் இல்லை. மாட்டுக் கடன் கோப்பு மேசைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்பேன்: எத்தனையாவது ஈத்து, எப்போது கன்று போட்டது, எப்போது ஊசி. அதை வைத்துத் தவணையைக் கறக்கும் மாதங்களில் கூட்டி, வற்றும் மாதங்களில் குறைத்துப் போட்டுக் குறிப்பு எழுதி அனுப்புவேன். சில சமயம் ஏற்கிறார்கள், சில சமயம் 36 சமத் தவணையாகவே திரும்பி வருகிறது. 2019-இலிருந்து மாடு வளர்ப்பவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. வற்றின மாதத் தீவனச் செலவுக்கு அதை எடுக்கச் சொல்கிறேன். இரண்டாவது மாட்டுக்கு வரும் விண்ணப்பத்தை 'பழைய பாக்கி' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவதில்லை.

போன வருஷம் ஒரு திருமணத்துக்காக மகாராஷ்டிரம் போனபோது அந்தப் பழைய கிளை ஊருக்கும் போனேன். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு புனே பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாசலில் மாடு கட்டும் முளை மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பி.கு: இதைப் படித்துவிட்டு யாராவது மாடு வாங்கக் கிளம்பினால் நான்கு விஷயம். (1) மூன்று வேளை கறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். (2) கறந்ததும் தீனி போடுங்கள். காம்பு மூட அரைமணி ஆகும், அதுவரை அவள் நின்றுகொண்டிருந்தால் மடிநோய் குறையும். (3) காதில் 12 இலக்க எண் உள்ள தோடும், கோமாரித் தடுப்பூசியும் இருக்கிறதா என்று பாருங்கள். (4) நாட்காட்டியில் 21 நாளைக்கு ஒரு வட்டம் போட்டு வையுங்கள். மாட்டுப் பொங்கலன்று கத்தினால் பொங்கலை அப்புறம் ஊட்டலாம், முதலில் வாலடியைப் பாருங்கள்.